வெங்காயத்துக்கு முழு மார்க், சூப்புக்குப் பாதி: செகண்ட் லைன் பீச் அத்தோ வண்டி

சென்னையில் செகண்ட் லைன் பீச் தெருவில் சாயங்காலமானால், பர்மாத் தமிழர்களின் நூடுல்ஸ் கலவையான அத்தோ விற்கும் வண்டிகள் வரிசையாக நிற்கும். அதில் ஒரு வண்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பெயர்ப் பலகை கிடையாது. நீலப் பெயின்ட் அடித்த வண்டி, கண்ணாடிப் பெட்டிக்கு மேல் பீலிக்கான் முனீஸ்வரர் படம், அதன் பக்கத்திலேயே ஜிபே அட்டை. பீச் ஸ்டேஷனில் இறங்கினால் ராஜாஜி சாலையைத் தாண்டி, பர்மா பஜாரைக் கடந்து நடந்தே வந்துவிடலாம். மெட்ரோ என்றால் மண்ணடி அல்லது உயர் நீதிமன்றம். காரில் மட்டும் வராதீர்கள், நிறுத்த இடம் தேடுவதற்குள் பசியே போய்விடும்.

எனக்கு ஆபீஸ் லிங்கிச் செட்டித் தெருவில். துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் வாங்கிக் கொடுக்கும் வேலை. ஆகவே இந்தப் பக்கம் தினமும் நடமாட்டம் உண்டு. ஆனால் அத்தோவைப் பற்றிப் பேசுகிற துணிச்சல் எனக்கு ஆபீஸால் வந்ததில்லை, ஆயாவால் வந்தது. என் அப்பாவைப் பெற்றவர். வியாசர்பாடி வீட்டில் உட்கார்ந்தபடியே முப்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தெரு வண்டிகளுக்குப் பொரித்த வெங்காயமும், அரிசி மாவில் பொரிக்கும் மொறுமொறு பேஜோவும் போட்டுக் கொடுத்தவர். போன தை மாதம் 86 வயதில் போய்ச் சேர்ந்தார். எங்கேயாவது அத்தோ நன்றாக இருந்தது என்று யார் சொன்னாலும், "வெங்காயம் இன்னா கலர்ல இருந்துச்சு?" என்றுதான் முதலில் கேட்பார். பதில் தெரியாமல் முழித்தால் அந்த ஆளின் நாக்கை அதற்கு மேல் நம்ப மாட்டார்.

அதனால் வெங்காயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். அத்தோவில் பாதி ருசி அதில்தான் இருக்கிறது. பெரிய வெங்காயத்தை மெல்லிசாகச் சீவி, துணியில் விரித்து ஈரம் போக்கி, சின்னத் தீயில் எண்ணெயில் போட்டுக் கைவிடாமல் கிளற வேண்டும். பொன்னிறம் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அரித்து எடுத்துவிட வேண்டும். எண்ணெயை விட்டு வெளியே வந்த பிறகும் அது தன் சூட்டிலேயே வேகும், ஆறும்போதுதான் சரியான நிறத்துக்கு வரும். சட்டியிலேயே சிவந்துவிட்டால் ஆறியதும் கருத்துப்போய்க் கசக்கும். ஆயா அரித்ததை நியூஸ் பேப்பரில் கொட்டிய கையோடு பனை விசிறியால் விசிறுவார். ஃபேன் போட விடமாட்டார், வெங்காயம் கூடத்தில் பறக்கும் என்பார். அந்தச் சட்டியில் மிஞ்சுகிற எண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டு, ஆற வைத்து, கேனில் ஊற்றித் தனியாக விற்பார். அத்தோவின் இன்னொரு பாதி ருசி அந்த எண்ணெய்.

இந்த வண்டியில் வெங்காயம் அப்பழுக்கில்லை. நுனியில்கூடக் கருப்பு இல்லை, வாயில் போட்டால் நொறுங்குகிறது, கடைசியில் லேசான இனிப்பு. வீட்டில் அவர் மனைவி பொரிக்கிறாராம். வண்டிக்கார அண்ணனும் எங்கள் வியாசர்பாடிக்காரர்தான். அவருடைய அப்பா காலத்தில் பேஜோ எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். அந்த உறவுக்காக நான் மார்க்கைக் கூட்டிப் போடுவேன் என்று நினைக்க வேண்டாம். பேஜோவுக்கு வரும்போது தெரியும்.

அத்தோ கேட்டால் அண்ணன் கிண்ணத்தில் நூடுல்ஸை எடுத்துப் போட்டு, நறுக்கிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், பொட்டுக்கடலை மாவு, மிளகாய்த் தூள், உப்பு, புளித் தண்ணீர், பூண்டு எண்ணெய், கொத்தமல்லி எல்லாம் சேர்த்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு பேஜோவை நொறுக்கிப் போட்டுக் கையால் பிசைகிறார். கையுறை போட்டிருக்கிறார், சரி, காலம் அப்படி. கரண்டியால் கிளறினால் புளி ஒரு பக்கமும் மாவு ஒரு பக்கமும் நிற்கும். கையால் பிசையும்போதுதான் மாவு புளித் தண்ணீரைக் குடித்து நூடுல்ஸில் ஒட்டும். காரம் கேட்டுத்தான் போடுகிறார். "மீடியம்" என்று சொன்னால் வடசென்னை மீடியம் வரும், தெரிந்துகொண்டு சொல்லுங்கள். சென்னாக்கூனித் தூள் வேண்டும் என்றால் கேட்டு வாங்க வேண்டும். சைவக்காரர்கள் நிறையப் பேர் வருவதால் இப்போது தானாகப் போடுவதில்லை. கட்டாயம் கேளுங்கள். காய்ந்த இறால் வாசனை இல்லாத அத்தோவில் புளிப்பும் காரமும்தான் இருக்கும், அடி ருசி இருக்காது.

குறை என்று பார்த்தால் நூடுல்ஸின் நிறம். இந்தத் தெருவில் எல்லா வண்டியிலும் அதே ஆரஞ்சுதான். கேசரிப் பவுடரைக் கொஞ்சம் குறைக்கலாம். தின்று முடித்தால் விரலில் நிற்கிறது.

ஆபீஸில் ஒருவர் யாங்கோன் வரைக்கும், அதாவது பழைய ரங்கூன் வரைக்கும், டூர் போய் வந்தார். வந்ததும், "நீங்க தின்றது அத்தோவே இல்லை, அங்கே இருக்கிறது வேற" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆயா உயிரோடு இருந்த சமயம். வீட்டில் போய்ச் சொன்னேன். வெங்காயம் சீவுவதை நிறுத்தாமலே, "ரங்கூன்ல கெடைக்கறத ரங்கூன்ல துன்னுட்டு வரட்டும். இது மெட்ராஸ்ல நாங்க பண்ணது" என்றார்.

இந்த வண்டிகளைப் பற்றி வருகிற வீடியோக்களில் ஒருவரும் சொல்லாத விஷயம் அது. எல்லோரும் 'பர்மா உணவு' என்று சொல்லிவிட்டு, அது பர்மாவில் இருக்கிறபடி இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறார்கள். வண்டியில் நிற்கிற ஆணைக் காட்டுகிறார்கள். வெங்காயம் பொரித்த, பேஜோ சுட்ட, வாழைத்தண்டு நறுக்கிய பெண்கள் எல்லாம் வியாசர்பாடியிலும் திருவொற்றியூரிலும் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். கையில் கிடைத்ததை வைத்து இந்தச் சாப்பாட்டை இப்படி ஆக்கியவர்கள் அவர்கள்தான்.

ஆயா 1938இல் ரங்கூனில் பிறந்தவர். அவருடைய அப்பா சிவகங்கைப் பக்கத்திலிருந்து அரிசி ஆலை வேலைக்குக் கப்பலேறியவர். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான்காரன் ரங்கூன் மேல் குண்டு போட்டபோது இந்தியர்கள் லட்சக்கணக்கில் மலையும் காடும் கடந்து நடக்க ஆரம்பித்தார்கள், வழியிலேயே நிறையப் பேர் செத்தார்கள். ஆயா வீட்டில் நடக்கவில்லை. தெரிந்த பர்மியக் குடும்பத்தோடு கிராமத்துக்குப் போய் இருந்துவிட்டு, சண்டை ஓய்ந்ததும் திரும்பினார்கள். கல்யாணமும் ரங்கூனிலேயே. தாத்தாவுக்குச் சின்னதாக மளிகைக் கடை. 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. "மார்ச்ல கடைய எடுத்தான், மேல கல்லாவ எடுத்தான்" என்று ஆயா சொல்லும்போது சிரிப்பார். தாத்தா கடைசிவரை அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாராம்.

1965இல் மூன்று பிள்ளைகளோடு மெட்ராஸுக்குக் கப்பல். ரங்கூன் துறைமுகத்தில் நகையைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். தாலித் தங்கத்தையும் கொடுத்துவிட்டு, கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு ஏறினார். துணிமூட்டைக்குள், முகத்தில் பூசுகிற தனாக்காக் கட்டையை அரைக்கிற கல் ஒன்று இருந்தது. கல்லுக்கு என்ன விலை என்று அதை விட்டுவிட்டார்கள். இங்கே இறங்கியதும் அரசாங்கக் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்' என்று எழுதினார்கள். அவர் அதற்கு முன்னால் இந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. முகாமில் கொஞ்ச நாள், அப்புறம் வியாசர்பாடி. பள்ளமான இடம், மழை வந்தால் கட்டில் காலுக்குச் செங்கல் வைக்க வேண்டும். அவருடைய தம்பிக்கு இந்த ஊர் பிடிக்கவே இல்லை. தரை வழியாகத் திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கூட்டம் மணிப்பூருக்குக் கிளம்பியதில் அவரும் போனார். எல்லையைத் தாண்ட விடவில்லை. எல்லையை ஒட்டிய மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். இன்றைக்கும் அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, கோவில் இருக்கிறது. அந்தத் தாத்தா வீட்டிலிருந்து யாராவது கல்யாணம் காட்சிக்கு வந்தால் பொட்டலம் பொட்டலமாக ஙப்பி என்கிற புளித்த மீன் விழுது வரும், தனாக்காக் கட்டை வரும். ஙப்பிப் பொட்டலத்தைப் பிரித்தால் பக்கத்து வீட்டுக் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்கும்.

இங்கே தாத்தா துறைமுகத் தொழிலாளிகளுக்கு வண்டியில் சாப்பாடு விற்றார். அது ஓரளவு நிமிர்ந்து வரும்போது, 1979இல், காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்குள் பிள்ளைகள் ஐந்து பேர். வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவில் நிற்க ஆயாவுக்கு மனசில்லை, பெரிய பையனுக்கோ வயசில்லை. வண்டியை விற்றார். விற்ற ஆளிடமே, வெங்காயமும் பேஜோவும் நான் போட்டுத் தருகிறேன், தினமும் காசு கொடுத்துவிட வேண்டும், கடன் பேச்சு வேண்டாம் என்று பேசி முடித்தார். ஐந்து பேரும் அந்தச் சட்டியில்தான் வளர்ந்தார்கள். ரேஷன் கார்டு, சீட்டுப் பணம், பெண் பார்ப்பது, மாப்பிள்ளை பார்ப்பது, யார் வீட்டில் யார் பேசாமல் இருக்கிறார்கள் என்பது எல்லாம் கடைசி வருஷம் வரை அவர் கையில்தான். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், அவர் படித்தது பர்மியப் பள்ளியில். பேஜோ எண்ணும்போது மட்டும் பர்மிய மொழி தானாக வரும்: தித், ஹ்னித், தோங், லே, ஙா. நடுவில் யாராவது பேசிவிட்டால் திரும்ப முதலிலிருந்து எண்ணுவார், பேசினவரைத் திட்டிவிட்டு.

அந்த பேஜோதான் இந்த வண்டியில் சறுக்குகிறது. ஆயாவின் பேஜோவில் ஊறவைத்த கடலைப்பருப்பு இருக்கும். அரிசி மாவைத் தண்ணீராகக் கரைத்து, பருப்பைப் போட்டு, கரண்டியால் சட்டியின் ஓரத்தில் வழியவிட்டு, அதன் மேல் எண்ணெயை வாரி வாரி இறைப்பார். ஓரம் முறுகலாகவும் நடுவில் பருப்போடு கொஞ்சம் கனமாகவும் வரும். வண்டியில் இருப்பது தட்டையாக, பருப்பே இல்லாமல், அப்பள கனத்தில் இருக்கிறது. நொறுக்கிப் போட்டால் அத்தோவில் இரண்டு நிமிஷத்தில் பதத்துப் போகிறது. தனியாகக் கடித்தால் பரவாயில்லை ரகம். அண்ணனிடம் கேட்டேன். "பருப்பு போட்டா கணக்கு ஒதைக்குது சிஸ்டர்" என்றார். உதைக்கும்தான். எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு உதைக்காமல் இருந்ததற்குக் காரணம் கூலி இல்லாத ஆறு ஜோடிக் கைகள்.

முட்டை மசாலா அருமை. அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய்த் தூள், கொஞ்சம் புளித் தண்ணீர் விட்டுத் தருகிறார். அப்படியே முழுசாக வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிடலாம் என்று நினைத்தால் சட்டை போய்விடும், ஆபீஸ் உடுப்பில் வருகிறவர்கள் கவனம். முதல் தடவை வருகிறவர்களை நான் இதிலிருந்துதான் ஆரம்பிக்கச் சொல்வேன். விலை குறைவு, வண்டியின் தரமும் ஒரே வாயில் தெரிந்துவிடும்.

சூப் அத்தோவோடு இலவசம். வாழைத்தண்டு, வெங்காயம், பூண்டு, மிளகு. கேட்கக் கேட்க ஊற்றுகிறார். அதே சூப்பை இன்னும் கெட்டியாக்கி, சேமியா மாதிரியான மெல்லிய அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றினால் மொய்ங்கா. இதில்தான் எனக்குப் பெரிய மனக்குறை. தண்டு சரியாக வேகவில்லை, நார் பல்லில் மாட்டுகிறது. இன்னும் அரை மணி நேரம் கொதித்திருக்க வேண்டும். பொட்டுக்கடலை மாவைக் கடைசியில் கரைத்து ஊற்றுகிறார்கள் போல, பச்சை வாடை அடிக்கிறது.

மொய்ங்காவில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமைகள். ஐந்து பிள்ளைகள், அவர்கள் பெற்ற நாங்கள் எல்லோரும் காலை எட்டு மணிக்கு வியாசர்பாடி வீட்டில் இருந்தாக வேண்டும். கெளுத்தி மீனை மஞ்சளோடு வேகவைத்து, முள் எடுத்து, சதையைப் பூண்டு இஞ்சியோடு வதக்கி, வறுத்த மாவு கரைத்து, தண்டு போட்டு முந்தின ராத்திரியே ஒரு கொதி, காலையில் ஒரு கொதி. எலுமிச்சைப் புல் ரங்கூனில் வாசலில் முளைக்குமாம். மெட்ராஸுக்கு வந்த புதிதில் அதைக் கேட்டால் காய்கறிக்காரர்களுக்குத் தெரியவில்லை. எலுமிச்சை இலையைப் போட்டுச் சமாளித்திருக்கிறார். பிறகு புல் கிடைக்க ஆரம்பித்த காலத்திலும் இலையைத்தான் போட்டார், பிள்ளைகளுக்கு அந்த வாசனை பழகிவிட்டது என்று. சொத்துச் சண்டை, சம்பந்தி சண்டை எதுவானாலும் கிண்ணம் காலியான பிறகுதான் பேச வேண்டும். வயிறு நிறைந்தவன் குரலை உயர்த்த மாட்டான் என்பது அவர் கணக்கு. என் சித்தப்பாக்கள் இருவர் விஷயத்தில் அது தப்பாகிப் போனதும் உண்டு.

வெயில் காலத்தில் எங்கள் எல்லோர் கன்னத்திலும் அந்தக் கல்லில் தனாக்கா அரைத்துப் பூசி அனுப்புவார். பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள். கழுவிக்கொண்டு திரும்பினால் கண்டுபிடித்துவிடுவார்.

இனி, இந்த வண்டிக்காரர் வீட்டு விசேஷங்களுக்கு ஆர்டர் எடுப்பது பற்றி. நிறையப் பேருக்குத் தெரியாது. ஆயாவின் பதினாறாம் நாள் கருமாதிக்கு நாங்கள் 120 பேருக்குச் சொன்னோம். துக்க வீட்டில் அத்தோவா என்று சம்பந்தி வீட்டார் முணுமுணுத்தார்கள். மூத்த அத்தை, "அதுதான் எங்கம்மா சம்பாத்தியம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். படையலுக்கு மொய்ங்கா மட்டும் அத்தைகள் வீட்டிலேயே செய்தார்கள், கெளுத்தி போட்டு. மற்றதெல்லாம் வண்டிதான். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். நூடுல்ஸை வேகவைத்து எண்ணெய் தடவித் தனியாகக் கொண்டுவந்து, வருகிறவர்களுக்கு முன்னால் பிசைந்து கொடுத்தார். மொத்தமாகப் பிசைந்து அண்டாவில் வைக்கவில்லை, அதற்கே ஒரு கும்பிடு. சூப் மட்டும் கடைசிப் பந்தியில் ஆறிப்போய்விட்டது. அடுப்பு கொண்டுவந்திருந்தார், கேஸ் தீர்ந்துவிட்டது. எண்ணிக்கையில் முட்டை இருபதுக்குப் பக்கம் குறைந்தது, சத்தம் போடாமல் அதற்கான பணத்தைக் கழித்துக்கொண்டார். பேசிய தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. போகும்போது பொரித்த வெங்காயம் ஒரு டப்பா நிறையக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அத்தைகள் டப்பாவைத் திறந்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்கள்.

விலை: நான் கடைசியாகப் போனபோது சாதா அத்தோ 70 ரூபாய், முட்டை அத்தோ 90, மொய்ங்கா 70, முட்டை மசாலா 20. பேஜோ தனியாக வாங்கினால் 10. பக்கத்து வண்டிகளோடு ஒப்பிட்டால் ஐந்து பத்து கூடுதல்தான், அளவும் கூடுதல். உட்கார நாலைந்து பிளாஸ்டிக் ஸ்டூல். மற்றவர்கள் நின்றுகொண்டே சாப்பிட வேண்டியதுதான். தட்டின் மேல் பிளாஸ்டிக் தாளுக்குப் பதில் வாழையிலைத் துண்டு போடுகிறார், நல்ல பழக்கம். கை கழுவ ஒரு குடம் தண்ணீர் உண்டு, மழை நாளில் அதுவும் இருக்காது. குழந்தைகளைக் கூட்டி வந்தால் மிளகாய்த் தூள் இல்லாமல் பிசைந்து தரச் சொல்லலாம், முகம் சுளிக்காமல் செய்வார். பார்சல் வேண்டாம், வீடு போய்ச் சேர்வதற்குள் கூழாகிவிடும். பார்சல்தான் வேண்டும் என்றால் புளித் தண்ணீரையும் பேஜோவையும் தனியாகக் கட்டச் சொல்லுங்கள்.

ஐந்து மணிக்குப் பிறகு வந்தால் வண்டி இருக்கும். ஏழு மணிக்கு ஆபீஸ் கூட்டம் மொய்க்கும், அதற்கு முன்னால் வருவது நல்லது. விசேஷ ஆர்டர் கொடுப்பதாக இருந்தால் ஒரு வாரம் முன்னால் சொல்ல வேண்டும், பாதிப் பணம் முன்பணம். முட்டை எண்ணிக்கையைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள், இரண்டாவது கேஸ் சிலிண்டர் கொண்டுவரச் சொல்லவும் மறக்காதீர்கள்.